கிழக்கையும் மேற்கையும் ஒப்பிட்டுப் படிக்க: திருகோணமலையில் ஓர் ஆய்வு வட்டம் நடத்தும் முறை

'பண்டைய கிழக்கும் மேற்கும்' என்று பெரிய தலைப்போடு தொடங்கும் வட்டம் மூன்றாவது கூட்டத்திலேயே பட்டிமன்றமாகிவிடும். பேச்சு நிறைய இருக்கும், மேசையில் சான்று இருக்காது. அதனால் முதல் வேலை கேள்வியைச் சுருக்குவது. ஒரு பொருள், ஒன்றிரண்டு நூற்றாண்டு, இரண்டு இடம்: இதற்கு மேல் எடுக்க வேண்டாம். 'கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் மிளகு வணிகத்துக்கு யார் பணம் போட்டார்கள், யார் வரி வாங்கினார்கள்?' என்று கேட்டால் ஆறு மாதம் படிக்கலாம். 'யார் உயர்ந்தவர்கள்?' என்பதற்கு எந்தச் சான்றும் பதில் சொல்லாது.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். வரலாற்று ஆசிரியர்கள் மட்டும் கூடினால் எல்லோரும் ஒரே நூல்களையே படித்திருப்பார்கள். பாளியோ சமஸ்கிருதமோ வாசிக்கக்கூடிய ஒருவர், நிலஅளவை தெரிந்த ஒருவர், கடலுக்குப் போகிற ஒருவர் அவசியம் வேண்டும். செங்கடல் வாயிலில் இருந்த ஓசேலிஸ் துறையிலிருந்து 40 நாளில் சேரநாட்டு முசிறித் துறையைச் சேரலாம் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதியதைப் படிக்கும்போது, சோளகம், வாடை என்ற பருவக்காற்றுகளை உடம்பால் அறிந்தவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். கூட்டத்துக்குப் போயா விடுமுறை வசதி. கிண்ணியா, மூதூர், நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்காகக் காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள். நோன்பு மாதத்தில் நேரத்தைக் கேட்டு மாற்றுங்கள்.

வட்டத்தின் உயிர் சான்று அட்டையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சான்றுக்கும் அரை ஏ4 அட்டை ஒன்று. எங்கே கிடைத்தது, எந்தக் காலம், அந்தக் காலத்தை எப்படிக் கணித்தார்கள், நாம் படிப்பது மூலமா மொழிபெயர்ப்பா என்பவற்றை மேலே எழுதுங்கள். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் சான்று நேராகச் சொல்வது, கீழே நாம் ஊகிப்பது. கூட்டத்தில் யார் பேசினாலும் அட்டை இலக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

முசிறியை எடுத்துப் பாருங்கள். யவனர் (கிரேக்க, உரோம வணிகர்) கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது சங்க நூலான அகநானூற்றின் 149ஆம் பாட்டு; கறி என்றால் மிளகு. வியன்னாவில் இருக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரசின் (நாணல்தாள் ஏட்டின்) ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்தோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தம், மறுபக்கத்தில் ஹெர்மபொலன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. எகிப்தின் பெரனிகே துறையில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏறக்குறைய 7.5 கிலோ மிளகு அகழ்ந்தெடுக்கப்பட்டது. மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றொன்றைத் திருப்பிச் சொல்லவில்லை என்பது தெரியும். பாட்டு கடனைப் பற்றிப் பேசவில்லை. பாப்பிரஸ் மிளகு பறித்தவரைப் பற்றிப் பேசவில்லை. சாடி இரண்டையும் பற்றிப் பேசவில்லை. ஒப்பீட்டின் பயனே இந்த இடைவெளிகளைக் காண்பதுதான். அவற்றைக் கற்பனையால் நிரப்ப அவசரப்படாதீர்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் பிழை வருகிறது. பழைய இந்திய ஆண்டுமுறையான சக ஆண்டோடு 78 கூட்டினால் ஏறக்குறைய கி.பி. ஆண்டு வரும். இலங்கையில் வழங்கும் புத்த வருடத்தில் மாதத்தைப் பொறுத்து 543 அல்லது 544 கழிக்க வேண்டும். பூச்சிய ஆண்டு என்று ஒன்று இல்லாததால் கி.மு. 50க்கும் கி.பி. 50க்கும் இடையே 99 ஆண்டுதான். நாணயங்களிலும் கவனம் வேண்டும். இலங்கையில் கிடைத்த உரோம நாணயங்களில் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. அவற்றைக் காட்டி முதலாம் நூற்றாண்டு வணிகத்தை நிறுவ முடியாது.

இரண்டு ஒத்திருந்தால் ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று முடிவுகட்டுவது அடுத்த பெரிய பிழை. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளமும் பிரான்சில் நீம் நகருக்கு உரோமர் அமைத்த ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீர்க்கால்வாயும் மெல்லிய சரிவைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் ஒன்று மழையைத் தேக்கி வயலுக்கு விடுகிறது. மற்றது ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுவருகிறது. நீர் பள்ளத்துக்குத்தான் பாயும். அதை யாரும் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. தொடர்பு இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் போக்குவரத்துப் பாதை, பொருந்தும் காலம், கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளோ எழுத்தோ ஆகிய மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் 'ஒற்றுமை' என்று மட்டும் எழுதுங்கள்.

பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தொலமியின் தப்ரபேன் (இலங்கை) படத்தை விரித்தால் எல்லோரும் நமது துறைமுகத்தைத்தான் தேடுவார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதில் தீவு பல மடங்கு பெரிதாக, நிலநடுக்கோட்டையும் தாண்டித் தெற்கே நீள்கிறது. தூரத்தை அளந்தோ பெயரொலியை மட்டும் வைத்தோ ஓர் இடத்தைக் குறித்துவிடாதீர்கள்.

வெளிக்களப் பயிற்சிக்குத் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையின் வாசல் கல்வெட்டைவிட நல்ல இடம் இல்லை. கயல் (மீன்) சின்னம் இருக்கிறது. கோணேசர் கோயில் திருப்பணியோடு மரபில் சேர்த்துச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனைச் சொல்லும் ஒரு பாட்டின் சிதைந்த வரிகள் இருக்கின்றன. ஊரில் பலருக்கும் அந்த முழுப் பாட்டும் மனப்பாடம், ஆகவே கண் காணாததையும் வாய் வாசித்துவிடும். ஒருவர் தெரியும் எழுத்துகளை மட்டும் கொப்பியில் வரையட்டும். இன்னொருவர் தனியாக அதையே செய்யட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துவராத எழுத்துக்குக் கீழே புள்ளியிடுங்கள், இல்லாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். சின்னமும் எழுத்தும் ஒரே காலத்தவை என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி அட்டை.

வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் படமெடுங்கள். உச்சி வெயிலில் வெட்டின் ஆழம் தெரியாது. மேகமூட்டமானால் கைவிளக்கை ஒரு பக்கமாகப் பிடித்தால் போதும். அளவுகோல் ஒன்றைக் கல்லை ஒட்டி வையுங்கள். எழுத்து தெளிவதற்காக மாவு, சோக்கு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது, கல் கெடும். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் வாசலில் அனுமதி கேட்டுவிட்டே கமராவை எடுங்கள்.