கத்த, கற்ற, கட்ட: நாக்கு எங்கே தொடுகிறது என்று நீங்களே பார்க்கலாம்

பேசும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. யோசித்தால் பேச்சு தட்டுத்தடுமாறிப் போகும். ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தேவைப்படுபவை: டார்ச் உள்ள மொபைல், இனிப்பு சேர்க்காத கோகோ பவுடர், தேங்காய் எண்ணெய், கூட ஒரு ஆள். அந்த ஆள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவராக இருந்தால் ரொம்ப நல்லது. காரணம் மூன்றாம் படியில் தெரியும்.

படி 1: தொண்டை

குரல்வளை மேல் விரலை வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டுங்கள், ஒன்றும் தெரியாது. 'ம்ம்ம்' என்று நீட்டினால் விரலில் அதிர்வு தெரியும். உள்ளே குரல் நாண்கள் அடித்துக்கொள்கின்றன: ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை.

இப்போது 'தம்பி', 'தப்பி' இரண்டையும் மெதுவாக, நடு எழுத்தை இழுத்துச் சொல்லுங்கள். 'தம்பி'யில் அதிர்வு அறுபடாமல் ஓடும். 'தப்ப்ப்பி'யில் நடுவே நின்றுவிடும். இரண்டிலும் எழுதுவது ஒரே 'பி'தான். எங்கே அதிர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது யாரும் சொல்லித் தராமலே தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது.

படி 2: மூக்கு

மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். தக்கலை, குளச்சல், குழித்துறை, திருவட்டாறு: ஒரு மாற்றமும் இருக்காது. அடுத்து மார்த்தாண்டம். கிட்டத்தட்ட 'பார்த்தாட்டப்' என்று வரும். நாகர்கோவில் 'தாகர்கோவில்' ஆகும். கன்னியாகுமரி படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

'ம' சொல்லும்போதும் 'ப' சொல்லும்போதும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. 'ம'வுக்கு மட்டும் உள்நாக்குப் பக்கம் இருக்கும் மெத்தென்ற அண்ணம் கீழே இறங்கி, காற்றை மூக்கு வழியாக விடுகிறது. அந்த வழியை அடைத்தால் 'ம' போய் 'ப' மிஞ்சுகிறது. சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல படி இல்லை.

படி 3: நாக்கு

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் அழுக்கானதும்கூட. கோகோ பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். நாக்கு நுனியைத் துணியால் துடைத்துவிட்டு, நுனியின் மேல்புறமும் அடிப்புறமும் தடவுங்கள். 'கத்த' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எச்சிலை விழுங்காமல், தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறங்கள். கூட இருப்பவர் டார்ச் போட்டு மேல் அண்ணத்தைப் படம் எடுக்கட்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு 'கட்ட', பிறகு 'கற்ற'. ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தடவ வேண்டும்.

'கத்த'வில் கோகோ மேல் முன்பல்லின் பின்புறம் ஒட்டியிருக்கும். 'கட்ட'வில் அதைவிட நன்றாக உள்ளே, அண்ணத்தின் மேட்டில் இருக்கும். அடிப்புறமும் தடவச் சொன்னது இதற்காகத்தான்: தமிழ் 'ட்ட'வுக்கு நாக்கு பின்னால் மடங்கி, நுனியின் அடிப்பக்கம் போய் ஒட்டும். மேல்புறம் மட்டும் தடவியவர்களுக்குப் படத்தில் சரியாக ஒன்றும் விழாது.

'கற்ற'தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களில் பேச்சில் காற்று 'காத்து' ஆகிவிடும். மேடையில் 'காட்ரு' மாதிரி வரும். நம் மேற்குப் பக்கத்துப் பாட்டா ஒருவரைச் சொல்லச் சொன்னால் இரண்டும் வராது. நாக்கு நுனி பல்லையும் தொடாமல், மடங்கவும் செய்யாமல், முன்பல்லுக்குப் பின்னால் ஈறு மேடிட்டிருக்கும் இடத்தில் நேராக ஒட்டும். மலையாளத்திலும் இதே ஒலி உண்டு. களியக்காவிளை தாண்டினால் பலகைகளைப் பாருங்கள்: நாம் 'பஸ் ஸ்டாப்' என்று 'ட' போடும் இடத்தில் அவர்கள் இரட்டை 'ற' எழுத்தைப் போடுவார்கள். ஆங்கிலேயர் நாக்கு தொடும் இடத்துக்கு அதுதான் கிட்டே என்பது என் கருத்து.

தொல்காப்பியப் பிறப்பியல் 'ற', 'ன' இரண்டுக்கும் நாக்கு நுனி மேலே எழுந்து அண்ணத்தை 'ஒற்ற' வேண்டும் என்கிறது. 'ர', 'ழ' இரண்டுக்கும் 'வருட' வேண்டும் என்கிறது. கோகோ தடவி 'அழ' என்று சொல்லிப் பாருங்கள், அண்ணத்தின் நடுவில் கறை விழாது. அந்நூல் அரங்கேறியபோது கேட்டிருந்த அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

படி 4: கண்

ஒருவர் 'கா, கா' என்று சொல்வதை மொபைலில் வீடியோ எடுத்து, ஒலியை அணைத்து ஓட விடுங்கள். பின்னால் நின்று இன்னொருவர் அதே தாளத்தில் 'பா, பா' என்று சொல்லட்டும். திரையைப் பார்க்கிறவர்களில் பலருக்கு 'தா' அல்லது 'டா' என்று கேட்கும். கண்ணை மூடினால் 'பா'. 1976-ல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் வெளியிட்ட சோதனை இது. எல்லோருக்கும் நடப்பதில்லை, தாளம் பிசகினாலும் நடக்காது.

படி 5: காது

பாட்டா சொன்ன 'கத்த, கற்ற, கட்ட' மூன்றையும் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறங்கள். ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் கோடு தட்டையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒலியே இல்லை. 'த்', 'ற்', 'ட்' என்று நாம் அடித்துச் சொல்லும் இடம் வெறும் மௌனம்தான்!

அப்படியானால் வித்தியாசம் எப்படிக் கேட்கிறது? சொல்லின் தொடக்கத்திலிருந்து தட்டைக் கோடு ஆரம்பிக்கும் வரை மட்டும் வெட்டி ஓட விடுங்கள். 'கட்ட'வை அப்போதே கண்டுபிடித்துவிடலாம். நாக்கு மடங்கத் தொடங்கும்போதே முன்னால் இருக்கும் 'அ'வின் நிறம் மாறிவிடுகிறது. காது அதைப் பிடித்துக்கொள்கிறது.

துண்டுகளைக் கலைத்துப் போட்டு, வெளிமாவட்ட நண்பர் யாரையாவது அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். 'கற்ற'வில் திணறினால் சிரிக்காதீர்கள். ஆங்கில வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் 'த', 'ட' வேறுபாட்டைப் பிடித்துவிடுவதையும், 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலோர் அதை விட்டுவிடுவதையும் வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-ல் காட்டினார்கள். வீட்டில் புழங்காத வேறுபாட்டைக் காது அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடுகிறது. நண்பருக்கு முதலில் 'கத்த', 'கட்ட' இரண்டை மட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். அது நூற்றுக்கு நூறு வந்த பிறகு 'கற்ற'வை நடுவில் நுழையுங்கள்.