திருவருகைக்கால நற்செய்திக்கு நாள்தோறும் சிந்தனை எழுதுவது எப்படி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலத்துக்கு எழுதப்படும் சிந்தனைகள் பல முதல் நாளிலேயே பெத்லகேம் தொழுவத்துக்குப் போய்விடுகின்றன. திருப்பலியில் படிக்கப்படும் விவிலிய வாசகங்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. டிசம்பர் 16 வரை திருஅவையின் பார்வை பெரும்பாலும் மாட்சியோடு மீண்டும் வரவிருக்கும் ஆண்டவர்மேல் இருக்கிறது. பிறப்பை நோக்கி நேராக நடப்பது 17 முதல் 24 வரையுள்ள எட்டு நாள்கள்தாம். இந்த எல்லைக்கோட்டை மனத்தில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எழுத உட்காரும் முன் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பாருங்கள். வாரநாள் நற்செய்திகள் ஆண்டுதோறும் அவையேதாம். ஞாயிறு மட்டும் மூன்றாண்டுச் சுழற்சியில் மாறும்: பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மத்தேயு, இரண்டாம் ஆண்டுக்கு மாற்கு, மூன்றாம் ஆண்டுக்கு லூக்கா. ஆனால் விழாக்களும் தேதிகளும் வாரநாள் வரிசையைக் கலைத்துவிடும். 2026-ஐ எடுத்துக்கொள்வோம். திருவருகைக்காலம் நவம்பர் 29 அன்று, இரண்டாம் ஆண்டு வாசகங்களோடு தொடங்குகிறது. மறுநாள் திருத்தூதர் அந்திரேயா விழா. ஆகவே முதல் வாரத் திங்களுக்குரிய நூற்றுவர் தலைவரின் நற்செய்தி அந்த ஆண்டு வராது. டிசம்பர் 17 வியாழனில் விழுவதால் மூன்றாம் வாரத்து வியாழன், வெள்ளி வாசகங்களும் விட்டுப்போகும். சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைப்பவர்கள் தவறான நற்செய்திக்குச் சிந்தனை எழுதிவிடுவது இதனால்தான்.

அடுத்தது மிக முக்கியமானது: நற்செய்திக்கு முன் படிக்கப்படும் முதல் வாசகத்தை முதலில் படியுங்கள். முதல் வாரத்திலும், இரண்டாம் வாரத்தின் புதன் வரையிலும் இறைவாக்கினர் எசாயாதான் முன்னே செல்கிறார். அவருக்கு மறுமொழியாகவே நற்செய்தி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. முதல் வாரம் வியாழனன்று எசாயா ஆண்டவரைப் பாறை என்கிறார். நற்செய்தியில் பாறைமீது கட்டிய வீடு வருகிறது. வெள்ளியன்று பார்வையற்றோர் காண்பார்கள் என்கிறார். நற்செய்தியில் பார்வையற்ற இருவர் இயேசுவின் பின்னே கூவிக்கொண்டு வருகிறார்கள். இந்த இணைப்பைத் தொடாமல் எழுதிய சிந்தனை ஆண்டின் எந்த நாளுக்கும் பொருந்தும். அதுவே அதன் குறை.

முதல் வாரப் புதனை முழுமையாகச் செய்து பார்ப்போம். எசாயா 25:6-10, மலைமேல் எல்லா மக்களினங்களுக்கும் ஆண்டவர் வைக்கும் விருந்து. மத்தேயு 15:29-37, இயேசு மலைமேல் ஏறி அமர்கிறார், நலமற்றோர் அவர் காலடியில் கிடத்தப்படுகிறார்கள், பிறகு கூட்டம் உண்டு நிறைவடைகிறது. இரண்டிலும் பொதுவாக இருக்கும் சொல் 'மலை'. அதைப் பிடித்துக்கொண்டால் வழி தெரியும்: எசாயா சொன்ன விருந்து இங்கே பரிமாறப்படுகிறது. இனி, பலர் சறுக்கும் இடம். நினைவிலிருந்து எழுதுவோர் ஐந்து அப்பம், இரண்டு மீன், பன்னிரண்டு கூடை என்று எழுதிவிடுவர். அது 14-ஆம் அதிகாரம். இங்கே ஏழு அப்பங்கள், சில சிறு மீன்கள், மீந்தது ஏழு கூடை. நாலாயிரம் என்ற எண்ணிக்கை 38-ஆம் வசனத்தில்தான் இருக்கிறது. வாசகம் 37-இலேயே முடிந்துவிடுகிறது. வாசகத்தின் எல்லையை இப்படிச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

எழுதும் முறை எளிது. முந்தைய நாள் மாலையில் இரண்டு வாசகங்களையும் வாய்விட்டு இருமுறை படியுங்கள். யார் என்ன செய்கிறார் என்று வினைச்சொற்களை மட்டும் தனியே குறியுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டை எடுத்தால் இரண்டு சிந்தனைகள் ஆகிவிடும். 250 சொற்கள் போதும், வாசிக்க ஏறத்தாழ மூன்று நிமிடம். நற்செய்தியை மீண்டும் கதையாகச் சொல்ல மூன்று வரிக்குமேல் செலவிட வேண்டாம், மக்கள் இப்போதுதான் கேட்டார்கள். முடிவில் அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு செயலையும் இரண்டு வரி மன்றாட்டையும் வையுங்கள். "அன்பாக இருப்போம்" என்பது செயல் ஆகாது. பேசாமல் ஒதுக்கிவைத்த ஒருவரை இன்று அழைப்பது செயல்.

இரண்டாம் வாரம் வியாழன் முதல் திருமுழுக்கு யோவான் முன்னே வருகிறார். அவரைக் கடிந்துரைப்பவராக மட்டுமே காட்ட வேண்டாம். வரவிருப்பவர் நீர்தாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டவரும் அவரே.

அன்னை மரியாவைப் பற்றிய நற்செய்தியில் ஒரு சிக்கல் உண்டு. 2026-இல் வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் லூக்கா 1:26-38 டிசம்பர் 8-இலும் 20-இலும் வருகிறது. ஒரே சிந்தனையைத் திருப்பி எழுதாமலிருக்க முதல் வாசகமே வழி சொல்லும். 8-ஆம் தேதி தொடக்கநூல் 3. எனவே "அருள் மிகப் பெற்றவரே" என்ற வாழ்த்தில் நில்லுங்கள். அன்று கொண்டாடப்படும் அமல உற்பவம், மரியா தம் தாயின் வயிற்றில் பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானதைக் குறிக்கிறது, இயேசு கருவானதை அல்ல. 20-ஆம் தேதி 2 சாமுவேல் 7. ஆண்டவருக்கு வீடு கட்ட விரும்பிய தாவீதுக்கு ஆண்டவரே வீடு கட்டுவதாகச் சொல்கிறார். அப்போது தாவீதின் அரியணை பற்றிய வசனத்துக்குப் போக வேண்டும்.

17-ஆம் தேதியின் நற்செய்தியான இயேசுவின் மூதாதையர் பட்டியலைக் கண்டு பலர் தயங்குவார்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வரில் ஒருவரை எடுத்தாலே நாள் நிறையும். இன்னார் மகன் இன்னார் என்று ஓடிவந்த வரிசை யோசேப்பிடம் நின்று, இயேசுவை மரியாவிடம் பிறந்தவர் என்று மட்டும் சொல்வதையும் கவனியுங்கள். 19-இல் திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா வானதூதரிடம் கேட்ட கேள்வியையும் மறுநாள் மரியாவின் கேள்வியையும் அருகருகே வையுங்கள். எப்படித் தெரிந்துகொள்வேன் என்கிறார் அவர். எப்படி நிகழும் என்கிறார் இவர். அவருக்கு வாய் அடைபட்டது, இவருக்கு விளக்கம் கிடைத்தது. 2026-இல் 20-ஆம் தேதி ஞாயிறாகவே இருந்தாலும் நற்செய்தி இதுவேதான்.

24-ஆம் தேதி காலைத் திருப்பலிக்கு உரியது லூக்கா 1:67-79, செக்கரியாவின் பாடல். அங்கேயே, விண்ணிலிருந்து வரும் விடியலோடு நில்லுங்கள். தீவனத் தொட்டி அன்று இரவுத் திருப்பலியில், லூக்கா 2:1-14-இல் வரும்.