‘வாட்டர்’கூட எந்த வார்த்தை சேரும்? இங்கிலீஷ் பழகுறவங்களுக்கு ஒரு நோட்டுப் பக்க வேலை

மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், நம்ம பக்கம் விதை நெல்லு ஊற வைக்கிறதுலேர்ந்து நாத்தங்கால் உழுவுறது வரைக்கும் எல்லா வேலையும் கிடுகிடுன்னு ஓட ஆரம்பிச்சிடும். இதையே இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுடின்னு எங்க சித்தப்பா பொண்ணுகிட்ட சொன்னேன், மன்னார்குடில காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்குது, கிராமர்ல கெட்டிக்காரி, அது எழுதினது ‘தே ஓப்பன்ட் தி வாட்டர் இன் மேட்டூர்’. டென்ஸ் சரி, ஸ்பெல்லிங் சரி, ஆனா இங்கிலீஷ்ல அணைத் தண்ணிய யாரும் ஓப்பன் பண்ண மாட்டாங்க. ஷட்டரைத்தான் ஓப்பன் பண்ணுவாங்க, தண்ணிய ரிலீஸ் பண்ணுவாங்க. ‘வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் தி மேட்டூர் டேம்’. வழக்கமா தண்ணி திறக்கிற ஜூன் 12 வந்தா இங்கிலீஷ் பேப்பரை எடுத்துப் பாருங்க, இப்படித்தான் இருக்கும்.

“ஏன்க்கா, ஓப்பன்னா திறக்கிறதுதானே?”ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு கிராமர் புக்குல பதில் கிடைக்காது. நாம கதிர் அறுப்போம், கரும்பு வெட்டுவோம், பூ பறிப்போம், வெத்தலை கிள்ளுவோம். வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து “கதிர் வெட்டியாச்சா?”ன்னு கேட்டா நமக்குப் புரியும், ஆனா இவரு வயல்ல எறங்குன ஆளு இல்லன்னும் அந்த நொடியே தெரிஞ்சிடும். இங்கிலீஷ்லயும் அதே கதைதான், இந்த வார்த்தைகூட இதுதான் சேரும்னு பழக்கத்துல அமைஞ்சு போச்சு, அதுக்குப் பேரு கொலோகேஷன். ஜே. ஆர். ஃபிர்த்ங்கிற இங்கிலாந்து மொழியியல் பேராசிரியர் 1950கள்ல இதை அழுத்திச் சொன்னாரு.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஒரே வார்த்தை, ஒரு முழுப் பக்கம்

நோட்டுல ஒரு பக்கம் எடுத்து நடுவுல ‘வாட்டர்’னு மட்டும் எழுதுங்க. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை மனப்பாடம் பண்றதெல்லாம் வேணாம், எனக்கு அதுல நம்பிக்கையே கிடையாது, மறுவாரம் அர்த்தம் மட்டும் ஞாபகம் இருக்கும், வாக்கியம் வராது.

படி 2: தண்ணிய நாம என்னென்ன செய்றோம்?

வார்த்தைக்கு இடது பக்கம் வினைச்சொல் எல்லாம் எழுதுங்க. இங்கதான் நாம நிறைய சறுக்குவோம், அதனால நிதானமா போங்க. தமிழ்ல கிணத்துத் தண்ணியும் இறைக்கிறோம், மோட்டார் வெச்சும் இறைக்கிறோம், ஒரே சொல்லுதான். இங்கிலீஷ்ல கயிறும் வாளியும் வெச்சு கிணத்துலேர்ந்து எடுத்தா ‘ட்ரா வாட்டர்’, மோட்டார் போட்டா ‘பம்ப் வாட்டர்’. கொடத்தைத் தூக்கிட்டு தெருக்குழாய்க்குப் போய் பிடிச்சுட்டு வர்றது ‘ஃபெட்ச் வாட்டர்’, இதுல போறது வர்றது ரெண்டும் அந்த ஒரே வார்த்தைக்குள்ள அடங்கிடுது பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை.

அப்புறம் தண்ணி தானா என்ன செய்யுதுன்னு வலது பக்கம் எழுதுங்க. ஓடுனா ‘ஃப்ளோ’, ஏறுனா ‘ரைஸ்’. வடியிறதுக்கு மட்டும் கவனம் வேணும். ஊருக்குள்ள புகுந்த வெள்ளம் வடிஞ்சா ‘தி ஃப்ளட் வாட்டர் ரிசீடட்’, வயல்ல நின்ன மழைத் தண்ணி வடிகால் வழியா போனா ‘ட்ரெயின்ட்’. வடியாம நாலு நாள் நின்னு பயிர் அழுகுற மாதிரி ஆச்சுன்னா அந்தத் தண்ணி ‘ஸ்டாக்னன்ட் வாட்டர்’. ஐப்பசி கார்த்திகைல சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்குறதைப் பாத்தவங்களுக்கு இந்த மூணையும் யாரும் சொல்லிக் குடுக்க வேணாம், படம் ஏற்கனவே மனசுல இருக்கு, வார்த்தைய மட்டும் ஒட்டணும்.

படி 3: எப்படிப்பட்ட தண்ணி?

‘பாய்லிங் வாட்டர்’னா அடுப்புல தளதளன்னு கொதிச்சிட்டு இருக்கிறது, ‘பாய்ல்ட் வாட்டர்’னா கொதிக்க வெச்சது, ஆறிப்போய் இருந்தாலும் அதான். காய்ச்சல்காரருக்குக் குடுக்கிறது ரெண்டாவது, மாத்தி எழுதிடாதீங்க. ‘ரன்னிங் வாட்டர்’னா ஓடுற தண்ணிதான், ஆனா வாடகை வீட்டு விளம்பரத்துல அது வந்தா வாசல்ல வாய்க்கால் ஓடுதுன்னு அர்த்தம் இல்ல, குழாயைத் திருப்புனா தண்ணி வரும்னு அர்த்தம். நாம ‘உப்புத் தண்ணி’ன்னு ஒரே பேரா சொல்றதுக்கு அங்க மூணு பேரு இருக்கு, கடல் தண்ணி ‘சால்ட் வாட்டர்’, வேதாரண்யம் பக்கம் கரையோரமா உப்பும் நல்லதும் கலந்து கெடக்கிறது ‘ப்ராக்கிஷ் வாட்டர்’, சோப்பு நுரைக்காம பாத்திரத்துல வெள்ளையா படியுதே அந்த போர் தண்ணி ‘ஹார்ட் வாட்டர்’.

படி 4: பின்னாடி என்ன ஒட்டும்?

இது சுலபம். லெவல், டேங்க், சப்ளை, ஷார்ட்டேஜ். ‘மேட்டூர் வாட்டர் லெவல் 120 அடி’ன்னு நாமளே தமிழ்ல பேசுறோமே.

படி 5: சரிதானான்னு பாக்குறது

சும்மா தோணுனதை எழுதிட்டு விட்டுடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்ட் கொலோகேஷன்ஸ் டிக்‌ஷனரின்னு ஒண்ணு 2002ல முதல்ல வந்துச்சு, அதுல அர்த்தத்துக்காகத் தேட மாட்டோம், ‘வாட்டர்’ எடுத்தா கூட வர்ற வினை, அடைமொழி எல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கும். கைல இல்லன்னா கூகுள்ல அந்தச் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, அப்படிப் போட்டாதான் வார்த்தைங்க அதே வரிசைல வர்ற இடமா தேடும். எத்தனை ஆயிரம் முடிவு வந்துச்சுன்னு எண்ணாதீங்க, யாரு எழுதியிருக்காங்க, அடுத்த வார்த்தை என்னன்னு பாருங்க. ‘ஓப்பன் தி வாட்டர்’னு தேடுனாலும் ஏதோ வரத்தான் செய்யும், உள்ள போய்ப் பாத்தா ‘ஓப்பன் தி வாட்டர் வால்வ்’னு இருக்கும், அங்க திறக்கிறது வால்வை.

படி 6: உங்க ஊரை வெச்சு அஞ்சு வாக்கியம்

புக்குல இருக்கிற உதாரணத்தைக் காப்பி பண்ணாதீங்க, உங்க வீட்டுல நேத்து நடந்ததை எழுதுங்க. எழுதிட்டு சத்தமா படிங்க. எங்க சித்தப்பா பொண்ணு மோட்டார் ஷெட் திண்ணைல உக்காந்து எழுதினதுல ஒண்ணு, ‘தி வாட்டர் ஹேஸ் நாட் ரீச்ட் தி டெயில் எண்ட் ஏரியாஸ் யெட்’. கடைமடைக்கு இன்னும் தண்ணி வரலங்கிறதை ‘கம்’னு போடாம ‘ரீச்’னு போட்டிருந்துச்சு, கடைமடைக்கு பேப்பர்ல வர்ற அதே வார்த்தையையும் தேடிப் பிடிச்சிருந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

ஒரு பக்கத்துக்கு மூணு நாள் எடுத்துக்கோங்க. அடுத்த பக்கத்துக்கு ‘ரெயின்’ வெச்சுக்கலாம், பெரு மழைக்கு ‘ஸ்ட்ராங்’ போடக் கூடாது, ‘ஹெவி ரெயின்’. அந்த ‘ஸ்ட்ராங்’ காத்துக்கும் காப்பிக்கும் போகும்.