அதிகாரமே இல்லாத கமிஷனில் உட்கார்ந்து டிஇஐ வேலையை நடத்துவது எப்படி

அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் இருக்கிறீர்கள், கவுன்சில் உங்களை மனித உறவுகள் கமிஷனிலோ டிஇஐ கமிஷனிலோ நியமித்துவிட்டது, வாழ்த்துகளும் வந்து குவிந்துவிட்டன. சரி, அப்புறம்? டிஇஐ என்றால் பன்மைத்துவம், சமநீதி, யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வது, இந்த மூன்று பெரிய விஷயங்களை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரம் மட்டும் கிடையாது. சட்டம் போட முடியாது, பணம் ஒதுக்க முடியாது, நகர ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு ‘இதைச் செய்யுங்கள்’ என்று உத்தரவிடவும் முடியாது. கலிபோர்னியாவில் ஒரு நகரத்தில் இப்படிப்பட்ட நாற்காலியில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தேன், அதில் முதல் வருடம் முழுக்க வீண்.

என்ன செய்தோம் என்றால், பிரகடனம் எழுதினோம். பிப்ரவரியில் கறுப்பினத்தவர் வரலாற்று மாதம், மே மாதம் ஆசிய அமெரிக்கர்களுக்கு, ஜூனில் பால்புதுமையினருக்கான பிரைட். மேயர் வாசிப்பார், போட்டோ எடுப்போம், கலைந்துவிடுவோம். பிரகடனம் தப்பு என்று சொல்லமாட்டேன், வானவில் கொடி கம்பத்தில் ஏறும்போது கண் கலங்கி நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதனால் எந்த இலாகாவும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, யாருக்கும் செலவும் இல்லை. அதனால்தான் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறுகிறது.

அதனால் முதல் வேலையாக, உங்கள் கமிஷனை உருவாக்கிய ஆர்டினன்ஸையோ (நகரம் போடும் சட்டம்) தீர்மானத்தையோ எடுத்து முழுசாகப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் இருக்கும், ஆனால் அதைப் படித்த உறுப்பினரைக் காண்பது அபூர்வம். ‘ஆலோசனை சொல்லலாம்’ என்பதோடு நிற்கிறதா, ‘பொது விசாரணைக் கூட்டம் நடத்தலாம்’, ‘ஆண்டறிக்கை தர வேண்டும்’ என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நியூயார்க்கின் மனித உரிமை கமிஷன் புகாரை விசாரித்து நடவடிக்கையே எடுக்கும். உங்களுடையது அநேகமாக அப்படி இருக்காது. ஆகவே யாராவது புகாரோடு வந்தால் துப்பறியக் கிளம்பாதீர்கள், சரியான வாசலைக் காட்டுங்கள். வேலையிடத்தில் பாகுபாடு என்றால் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமான ஈஈஓசி, அதற்குக் கெடு 180 நாள், மாநிலத்திலும் அதற்கான அமைப்பு இருந்தால் 300 நாள். பாகுபாட்டால் வாடகை வீடு மறுக்கப்பட்டது என்றால் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கெடு தாண்டியபின் நாம் சொல்லும் ஆறுதல் யாருக்கும் உதவாது.

இன்னொன்று, வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடாதீர்கள். நமக்குக் கை பரபரக்கும், தெரியும். கலிபோர்னியாவில் 1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி, உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கமிஷன் விஷயத்தைக் கூட்டத்துக்கு வெளியே பேசிக்கொள்ளக் கூடாது. ஏழு பேர் கமிஷனில் நான்கு பேர் ஒரு குரூப்பில் பேசிக்கொண்டால் முடிந்தது கதை. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா ஒட்டியாக வேண்டும், அதில் இல்லாததை அன்றைக்கு விவாதிக்க முடியாது. மற்ற மாநிலங்களிலும் இதேபோலச் சட்டங்கள் உண்டு, விவரம்தான் மாறும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கூட்டத்தில் ஸ்பானிஷ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு அம்மா, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தார். மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகன். ஆளுக்கு இரண்டு நிமிடம். அம்மா ஒரு வாக்கியம் சொல்ல, பையன் யோசித்து யோசித்து அதை ஆங்கிலத்தில் சொல்ல, பாதியிலேயே மேஜை மேல் இருந்த சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. தலைவர் கனிவாகத்தான் ‘நன்றி’ என்றார், பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். அன்றைய அஜெண்டாவில் எங்கள் அடுத்த விஷயம் என்ன தெரியுமா? ‘எல்லோரையும் வரவேற்கும் நகரம்’ என்று ஒரு பலகை வைப்பது. கூட்டம் முடிந்தபின் ஒரு உறுப்பினர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, 2016-ல் நிறைவேறிய திருத்தப்படி கலிபோர்னியாவில் மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும், உடனுக்குடன் காதில் மொழிபெயர்த்துக் கேட்கும் கருவி இருந்தால் மட்டும் விலக்கு. சட்டம் இருந்தது, மேஜையில் உட்கார்ந்திருந்த எங்களில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

என் பார்வை அன்றைக்குத்தான் மாறியது. ஆலோசனை கமிஷனின் பலம் இந்த மாதிரிச் சின்ன வாசல்களில்தான் இருக்கிறது, உள்ளே வர முயல்கிறவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்த்து அந்த இடத்தை எழுத்தில் காட்டுவது.

எங்கே பார்ப்பது? முதலில் உங்கள் மேஜையையே பாருங்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், நகரத்தின் ஒரே பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்றால், விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுங்கள். ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கா? ஷிப்ட் வேலைக்காரர் எப்படி வருவார்? குழந்தையை யாரிடம் விடுவது? கலிபோர்னியாவில் அடுத்த வருடம் காலியாகப்போகும் இடங்களின் பட்டியலை ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் நகரம் வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பட்டியல் இணையதளத்தின் ஒரு மூலையில் தூங்கும். அதை எடுத்து நூலகத்திலும், தேவாலயம், மசூதி, கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஆனால் ‘இந்த இனத்துக்கு இத்தனை இடம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்கிற அரசியலமைப்பின் 14-வது திருத்தத்தில் போய் முட்டி நிற்கும்.

அடுத்தது, ஆவணம் கேளுங்கள். கமிஷன் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் மரியாதையான கேள்விதான். 50 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நகரம் என்றால், மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அதற்கென ஒரு ஒருங்கிணைப்பாளரும் புகார் நடைமுறையும் இருக்க வேண்டும், கட்டடம், நடைபாதைச் சரிவு போன்றவற்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அதற்கான மாற்றத் திட்டமும் இருக்க வேண்டும். ‘அந்தத் திட்டத்தைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அறை அமைதியாகிவிடும். 1990-ல் வந்த சட்டம் இது! அப்புறம், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்ற விவரம் சென்சஸ் துறையின் அமெரிக்கச் சமூக ஆய்வில் இலவசமாகவே கிடைக்கிறது. அதையும், நகரம் எந்தெந்த மொழியில் நோட்டீஸ் அடிக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பேச்சே தேவைப்படாது.

பரிந்துரை எழுதும்போது ஒரு பக்கம் தாண்டாதீர்கள். ‘நகரம் மொழிச் சமத்துவத்தை மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதினால் கவுன்சில் தலையாட்டிவிட்டு மறந்துவிடும். நாங்கள் கடைசியில் எழுதியது இப்படி: ‘எல்லா கமிஷன் அஜெண்டாக்களின் முதல் பக்கத்திலும், மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்கு இரு மடங்கு நேரம் உண்டு என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அச்சிட வேண்டும். பொறுப்பு சிட்டி கிளார்க். ஆறு மாதத்தில் கமிஷனுக்கு அறிக்கை.’ யார், என்ன, எப்போது. அனுப்புவதற்கு முன், நகரத்தின் கூட்ட ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரியான அந்த சிட்டி கிளார்க்கிடமே காட்டிவிட்டோம். அவர் வேலையை அவரிடம் கேட்காமல் எழுதினால் வீம்புக்காகவே தள்ளிப்போகும், மனித சுபாவம்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் கவுன்சில் 6-1 என்ற வாக்கில், ஜாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமாக ஆனது, அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரமும் சேர்ந்தது. கலிபோர்னியா மாநில மசோதாவைக் கவர்னர் வீட்டோ செய்துவிட்டார். இந்தப் பேச்சு உங்கள் கமிஷனுக்கும் வரலாம். வந்தால், மேஜையில் இருக்கும் ஒரே தமிழர் என்பதற்காக ‘எங்கள் ஊரில் அதெல்லாம் இப்போது இல்லை’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். உங்களுக்கு நடக்கவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. பாதிக்கப்பட்டவர்களைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள், அந்த நாற்காலி அதற்காகத்தான்.

டிஇஐ-க்கு எதிரான 2025 ஜனவரி ஜனாதிபதி உத்தரவுகளுக்குப் பிறகு, மத்திய அரசின் நிதி போய்விடுமோ என்ற பயம் நகரங்களில் இருக்கிறது. ‘டிஇஐ’ என்ற பெயர் மாறலாம், மாறட்டும். 1964 சிவில் உரிமைகள் சட்டமும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் நிர்வாக உத்தரவால் காணாமல் போகிறவை அல்ல. பரிந்துரைகளை அவற்றின் மேல் கட்டுங்கள், நகரத்தின் வக்கீலான சிட்டி அட்டர்னியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து ‘முந்தைய பரிந்துரை என்ன ஆயிற்று’ என்று அஜெண்டாவில் நீங்களே போடச் சொல்லுங்கள், வேறு யாரும் போடமாட்டார்கள். எங்களுடையது இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாம் முறை அச்சில் வந்தது, முதல் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி அடுத்த கடிதம் போட்டோம்.