பங்கு வாங்க முன் குடிசனக் கணக்கைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ, வயதான தாய் தகப்பன் மட்டும் வீட்டில். நாடு முழுவதும் இதே திசையில்தான் போகிறது. இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2012 குடிசனக் கணக்கெடுப்பில் 7.9 சதவீதம், 2024 இல் 12.6. இன்று 55 வயதில் இருப்பவர் பத்து வருடத்தில் 65 ஆவார், அதில் ஊகம் எதுவும் இல்லை. அடுத்த காலாண்டு இலாபத்தைக் கணிப்பதை விட இதை நம்பி முதலிடலாம் என்பது என் எண்ணம்.

கொழும்புப் பங்குச் சந்தையில் தனியார் வைத்தியசாலை, மருந்து, காப்புறுதிக் கம்பனிகளை முதலில் பட்டியலிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றினதும் ஐந்து வருட ஆண்டறிக்கையை எடுங்கள். வருமானம் கூடியதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது, அந்தக் காலத்தில் எல்லோருடைய வருமானமும் ரூபாயில் வீங்கித்தான் தெரியும். வைத்தியசாலை என்றால் கட்டில்கள் கூடினவா, நோயாளர்கள் கூடினார்களா, கடன் எவ்வளவு என்று பாருங்கள்.

போக்கு சரி என்பதற்காக எந்த விலைக்கும் வாங்கவும் கூடாது. ஜப்பானின் பங்கு விலைகளைக் காட்டும் நிக்கேய் சுட்டெண் 1989 கடைசியில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பெப்ரவரியில்தான். இலாபத்தோடு ஒப்பிட்டால் விலை அதிகமா? பொறுங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசையும் ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள்.