மைட்டோகாண்ட்ரியாவை வலுப்படுத்த ஊருணிக்கரையில் தொடங்குங்கள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் அசதி என்று காரைக்குடிப் பக்கம் பலர் சொல்கிறார்கள். அதற்காகச் சத்து மாத்திரை வாங்கும் முன், உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரையிலும் கொழுப்பிலும் உள்ள ஆற்றலை, சுவாசிக்கும் ஆக்சிஜனின் துணையோடு ஏடிபி என்ற மூலக்கூறில் ஏற்றித் தருபவை இவையே. சிவப்பணுக்களில் இவை கிடையாது; ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் மிக அதிகம். இவற்றுக்கென்று 37 மரபணுக்கள் கொண்ட தனி டிஎன்ஏ உண்டு. அது அம்மாவிடமிருந்து வருவது. அம்மாவுக்கு ஆயாவிடமிருந்து வந்தது.

படி 1: நடை

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். தசைக்கு வேலை கூடினால், அது மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கிக்கொள்ளும். எலிகளை வாரக்கணக்கில் ஓடப் பழக்கி, 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹொலோசி இதைக் காட்டினார். மனிதர்களிலும் அப்படியே.

வெயில் ஏறும் முன் ஊருணிக்கரைக்குப் போங்கள். முதல் வாரம் தினமும் 15 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, அரை மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரு மாதம் பழகியபின் நடுவே ஒரு நிமிடம் விரைந்தும், இரண்டு நிமிடம் மெதுவாகவும் நான்கைந்து முறை மாற்றி நடக்கலாம்.

நடையை விட்டுவிட்டால் பெருகியவை சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்காமல், தீபாவளி முடிந்ததும் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது.

படி 2: திண்ணைப் பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள், திண்ணையில் கைகளை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். சற்று ஓய்வெடுத்து மறுபடியும் பத்து. முழங்கால் வலிக்கிறவர்கள் உயரமான நாற்காலியில் செய்யலாம்.

படி 3: சமையல்

சோறு செரித்துக் கிடைக்கும் சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சுழற்சிக்குள் நுழைய பி1 வைட்டமின் கட்டாயம் வேண்டும். நன்கு தீட்டிய பச்சரிசியில் அது பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருப்பது அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கல் அரிசியில் அதிகம் தங்கும்.

பி1 நீரில் கரையக்கூடியது. அரிசி களையும்போது ஒரு பகுதி தண்ணீரோடு போகிறது. நம் ஊர் வெண்டைக்காய் மண்டியில் அந்தத் தண்ணீரே குழம்பாகிறது! முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை எடுத்துப் புளி கரையுங்கள். வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாயோடு வெண்டைக்காயை வதக்கிக் கரைசலை ஊற்றுங்கள். வேகவைத்த மொச்சையும் சேர்த்தால் புரதமும் இரும்பும் கிடைக்கும். ஏடிபி தயாராகும் கடைசிக் கட்டத்துக்கு இரும்பு அவசியம். அதனால் கீரையையும் விடாதீர்கள். எலுமிச்சை பிழிந்தால் கீரையிலுள்ள இரும்பு நன்றாக உடலில் சேரும்.

இனிப்பாகச் செய்யும் கவுனி அரிசியும் கும்மாயமும் அருமையானவைதான். சர்க்கரையும் நெய்யும் சேர்வதால் விசேஷ நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரவு

இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்து, ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் பயன்பாட்டையே தடுக்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், நடைநேரத்தைக் கூட்டும் முன் அவரிடம் மருந்தின் அளவைக் கேளுங்கள். அசதி நீங்கவில்லை என்றால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அந்த முடிவுகளைப் பார்த்து மருத்துவரே சொல்லட்டும்.