பழைய ஜீப் இன்ஜினை வீட்டில் பிரித்துப் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த சி.ஜே. 3பி ஜீப்புக்கு பானெட் உயரமாக இருக்கக் காரணம் அதன் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். மஹிந்திராவும் இந்த ஜீப்பை இந்தியாவில் தயாரித்ததால் இன்றும் பழைய வண்டிப் பிரியர்கள் சிலரிடம் இருக்கிறது. நாலு சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர். பொறுமை இருந்தால் வீட்டிலேயே வேலை பார்க்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதில்தான் பாதி இன்ஜின்கள் வீணாகின்றன.

பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேஸ்கெட்டிலோ கோளாறு. வால்வு வேலை மட்டும் போதும் என்ற நிலையில் அடியில் சுழலும் கிராங்க் தண்டு வரை கழற்றுவது வீண் செலவு.

ஹெட்டைக் கழற்றும்போது இந்த இன்ஜினுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. ஒரு ஹெட் போல்ட் கார்புரேட்டர் உட்காரும் துளைக்குள் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, ‘ஹெட் ஒட்டிக்கொண்டது’ என்று கடப்பாரையால் நெம்பினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். அப்புறம் நல்ல ஹெட் தேடி அலைய வேண்டியதுதான்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, அதன் கேப் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் குறித்துவிடுங்கள். மாறிப் பூட்டினால் பேரிங் தாங்காது.

முதலில் போர் அடித்துவிட்டு (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திவிட்டு) அப்புறம் பிஸ்டன் வாங்குவது தலைகீழ் வேலை. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டே பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். புது ரிங் என்றாலும் சிலிண்டருக்குள் வைத்து அதன் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். இந்த அளவு சிலிண்டருக்குச் சுமார் 0.3 மி.மீ. வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முட்டி உடையும்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைச் சரியாகக் கழுவாததைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகச் சொல்வேன். சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் கீறல்களுக்குள் புதைந்திருக்கும். பெட்ரோலோ டீசலோ ஊற்றித் துடைத்தால் போகாது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் வைத்துத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை நிறுத்தாதீர்கள். உடனே எண்ணெய் பூசாவிட்டால் துரு பிடிக்கும். எண்ணெய்ப் பாதைகளின் பிளக்குகளைக் கழற்றி அவற்றுக்குள்ளும் பிரஷ் விடுங்கள். டைமிங் கியருக்கு எண்ணெய் பீச்சும் சிறு ஜெட்டும் அடைபட்டிருக்கலாம்.

பூட்டும்போது டைமிங் கியர் குறிகள் நேருக்கு நேர் வந்தால் மட்டும் போதாது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது ஆயில் பம்ப் தண்டிலிருந்து. பம்பை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் டைமிங் கலைந்துவிடும். ஆயில் பேனுக்கு (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு) சீலன்ட்டை அள்ளிப் பூசாதீர்கள். பிதுங்கியது உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். காய்ந்த பம்ப் தானாக உறிஞ்சாது. முன்பே அதில் எண்ணெய் நிரப்பியிருக்க வேண்டும். ஓட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். ரிங் படிவதற்கு மிதமான சுமையும் ஏற்ற இறக்கமான வேகமும் தேவை. முதல் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே சீக்கிரம் வடித்துவிட்டு, அதில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள்.